தேறிவிட்டான் என்று அனுப்பிய பிறகு: கடும் மஞ்சள் காமாலைக்குப் பிந்தைய ஐந்தாண்டுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு குழந்தையின் பிறப்பு முதல் ஐந்து வயது வரையிலான பதிவு. பெற்றோரின் ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. பெயர், இடம், மருத்துவமனை எதுவும் குறிப்பிடப்படவில்லை. பிலிருபின் என்பது சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும், தோலை மஞ்சளாக்கும் நிறமி. அதன் அளவுகள் அனைத்தும் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளன. லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற கணக்குக்கு 17.1-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

பின்னணி

தாய்க்கு இது முதல் பிரசவம். இரத்த வகை ஓ பாசிட்டிவ். குழந்தை 36 வாரம் 5 நாளில் சுகப்பிரசவமாகப் பிறந்தான். எடை 2,540 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதான், மூச்சில் குறையில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் குழந்தையின் இரத்த வகை பார்க்கப்படவில்லை. தாய் ஆர்.எச். நெகட்டிவாக இருந்தால் மட்டும் பார்ப்பது அந்தப் பிரசவ அறையின் வழக்கம்.

36 வாரக் குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும். எடையும் பெரிதாகக் குறையாது. ஆனால் பிலிருபினைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதி இன்னும் முதிர்ந்திருக்காது. உறிஞ்சும் வலுவும் குறைவு. பால் குறைந்தால் மலம் குறையும். மலம் குறைந்தால் குடலில் இறங்கிய பிலிருபின் மீண்டும் இரத்தத்துக்கே திரும்பும். தாய் ஓ வகை, குழந்தை பி வகை என்பதால் தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டும் இருந்தன. உற்பத்தி கூடுதல், வெளியேற்றம் குறைவு. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

முதல் நான்கு நாட்கள்

பிறந்து 22-ஆம் மணியில் முகம் மஞ்சளாக இருப்பதாகச் செவிலியர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பகல் வெளிச்சத்தில் குழந்தையைப் பார்த்த மருத்துவர் மஞ்சள் நெஞ்சுக்கு இறங்கவில்லை என்பதால் இயல்பானது என்று பதிவு செய்தார். பிலிருபின் அளக்கப்படவில்லை. 40-ஆம் மணியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அடுத்த வருகை ஏழாம் நாள்.

முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளை இயல்பானது என்று கொள்ள இடமே இல்லை. அது இரத்தம் உடைவதன் அடையாளமாக இருக்கலாம், உடனே அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து அளவைக் கணிப்பது எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தவறும். தோலின் நிறமும் அறை வெளிச்சமும் கணிப்பை மாற்றிவிடும்.

பின்னோக்கிப் போட்ட ஒரு கணக்கு. தொப்புள்கொடியில் 2 இருந்ததாகக் கொள்வோம். 104-ஆம் மணியில் அளவு 34.6. சராசரியாக மணிக்கு 0.31 ஏறியிருக்கிறது. முதல் நாளில் மணிக்கு 0.3, அதன் பிறகு மணிக்கு 0.2 என்ற வேகத்தில் ஏறினாலே இரத்தம் உடைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒரே சீராக ஏறியிருந்தால், வீட்டுக்கு அனுப்பிய நேரத்தில் அளவு 14-ஐத் தாண்டியிருக்கும். அந்த வயதில், அந்த வாரக் கணக்கில், நீல ஒளியால் பிலிருபினைக் குறைக்கும் ஒளி சிகிச்சையைத் தொடங்கும் எல்லை 10-ஐ ஒட்டியே வரும். ஆக, அன்றே ஒரு துளி இரத்தம் எடுத்திருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை மட்டுமே பால் குடித்தான். எழுப்பினாலும் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கினான். அழாத குழந்தை, சமத்து என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் ஜன்னலோரம் வெயிலில் பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறார்கள். யாரோ சொன்ன யோசனை அது. வெயிலிலும் நீல ஒளி உண்டு. ஆனால் எவ்வளவு கிடைக்கிறது என்று அளக்க முடியாது, உடல் சூடாகும், நீர் வற்றும். எல்லாவற்றையும்விட, சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு நாள் கைவிட்டுப் போகும்.

நான்காம் நாள் இரவு முலைக்காம்பைப் பற்றவே இல்லை. அழுகை கீச்சென்று மாறியது. கழுத்தைப் பின்னால் வளைத்தான். 104-ஆம் மணியில் கொண்டுவந்தார்கள்.

வந்த இரவு

எடை 2,230 கிராம். பிறந்த எடையில் 12 சதவீதம் குறைந்திருந்தது. உடல் வெப்பம் 38.1 டிகிரி. எழுப்பினால் எரிச்சல், விட்டால் சோர்வு. தொட்டால் முதுகு லேசாக வில் போல் வளையும், தூங்கும்போது துவளும். மனநிலை, தசை விறைப்பு, அழுகை மூன்றுக்கும் தலா மூன்று புள்ளி வரை கொடுத்து, பிலிருபின் மூளையை எவ்வளவு தாக்கியிருக்கிறது என்று கணிக்கும் பைண்ட் அளவீட்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் ஆறு. நான்கு முதல் ஆறு வரை நடுத்தரப் பாதிப்பு. வேகமாகச் செயல்பட்டால் ஒரு பகுதியாவது மீளக்கூடிய கட்டம் அது.

முடிவுகள்: பிலிருபின் 34.6, அதில் கல்லீரல் கரையும் வடிவத்துக்கு மாற்றிய நேரடி வகை 0.9. இரத்தத்தில் பிலிருபினைச் சுமக்கும் புரதமான ஆல்புமின் 2.8 கிராம். ஹீமோகுளோபின் 13.1. இளம் சிவப்பணுக்கள் 9 சதவீதம், இரத்தப் பூச்சில் கோளவடிவச் செல்கள். குழந்தையின் வகை பி பாசிட்டிவ், சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை லேசான பாசிட்டிவ். சோடியம் 152. குறைந்தால் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் ஜி6பிடி நொதி இயல்பு. இரத்தம் உடையும் நேரத்தில் எடுத்த ஜி6பிடி முடிவை நம்பி விட்டுவிடக் கூடாது. பழைய செல்கள் உடைந்து, நொதி மிகுந்த இளம் செல்களே எஞ்சியிருப்பதால் பொய்யாக இயல்பு என்று வரலாம். நான்காம் மாதம் மீண்டும் பார்த்தபோதும் இயல்பாகவே வந்தது.

மூன்று நாள் வயதைக் கடந்த, 38 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு எளிதான கணக்கு ஒன்று உண்டு. முடிந்த வாரங்களைப் பத்தால் பெருக்கினால் குழந்தையின் இரத்தத்தை எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றும் இரத்தப் பரிமாற்றத்துக்கான எல்லை மைக்ரோமோலில் கிடைக்கும். 36 வாரத்துக்கு 360, அதாவது ஏறத்தாழ 21. இவன் அதை 13-க்கும் மேல் தாண்டியிருந்தான். பிலிருபினை ஆல்புமினால் வகுத்தால் 12.4, இரத்தம் உடையும் 36 வாரக் குழந்தைக்கு 6.8-லேயே பரிமாற்றத்தை எண்ண வேண்டும். ஆல்புமினைப் பற்றிக்கொண்டிருக்கும் பிலிருபின் மூளைக்குள் நுழையாது. இடம் கிடைக்காமல் தனித்து அலையும் பகுதியே நுழைகிறது. கிருமித் தொற்றோ காய்ச்சலோ அமிலத்தன்மையோ சேர்ந்தால் அந்தப் பகுதி கூடும்.

முதல் முடிவு: சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஒளி சிகிச்சை. வந்த 12-ஆம் நிமிடத்தில் மேலே இரண்டு விளக்கு, கீழே ஒரு ஒளிப்படுக்கை. ஒளிச்செறிவு அளக்கும் கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்ததில் சதுர சென்டிமீட்டருக்கு, நானோமீட்டருக்கு 38 மைக்ரோவாட். 30-க்குக் குறைந்தால் அதைத் தீவிர ஒளி சிகிச்சை என்று சொல்ல முடியாது. டயப்பரை மடித்துச் சிறிதாக்கி, கண்ணை மூடி, தொட்டிலின் ஓரங்களில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. கிருமித் தொற்றை விலக்க முடியாததால் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். 48 மணியில் கல்ச்சர் சுத்தமாக வந்ததும் நிறுத்தினார்கள். சிவப்பணு உடைவதைக் குறைக்கச் சிரை வழியாக இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு ஒரு கிராம், இரண்டு மணி நேரத்தில் கொடுக்கப்பட்டது. அதன் பயன் குறித்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பரிமாற்றத்துக்கு இரத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே காரணம்.

இரண்டாம் முடிவு: இரட்டை அளவு இரத்தப் பரிமாற்றம். கிலோவுக்கு 160 மி.லி. என்ற கணக்கில் 360 மி.லி. ஓ வகைச் சிவப்பணுவை ஏபி வகைப் பிளாஸ்மாவில் கலந்து கேட்கப்பட்டது. இங்கே 70 நிமிடம் போனது. பொருத்தம் பார்க்கத் தாயின் இரத்தமும் வேண்டும். அனுப்பிய குழாயில் பெயர்ச்சீட்டு இல்லை என்று இரத்த வங்கி திருப்பி அனுப்பியது. வங்கி செய்தது சரி. பதற்றத்தில் எடுத்த குழாயை இரண்டாமவர் சரிபார்க்கவில்லை என்பதே பிழை. வந்து 4 மணி 20 நிமிடம் கழித்தே பரிமாற்றம் தொடங்கியது.

தொப்புள் சிரைக் குழாய் வழியாக ஒரு முறைக்கு 10 மி.லி. எடுத்து, 10 மி.லி. ஏற்றி, 36 சுற்று. ஒரு மணி 50 நிமிடம் ஆனது. இரத்தம் வெப்பக் கருவி வழியாக 37 டிகிரியில் ஏற்றப்பட்டது. இடையிலும் முடிவிலும் கால்சியமும் சர்க்கரையும் பார்க்கப்பட்டன; பையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பற்றி இழுத்துவிடும். தொடங்கும் முன் பிலிருபின் 31.8, முடிந்ததும் 16.4. நான்கு மணி கழித்து 20.1 என்று ஏறியது. திசுக்களில் ஊறிக் கிடந்த பிலிருபின் இரத்தத்துக்குத் திரும்புவதால் இது எதிர்பார்த்ததே. விளக்கை விலக்காமல் மீண்டும் பார்த்ததில் இறங்கத் தொடங்கியிருந்ததால் இரண்டாம் பரிமாற்றம் தேவைப்படவில்லை. மறுநாள் தட்டணுக்கள் 78,000-க்கு இறங்கித் தாமாகவே மீண்டன. ஐந்தாம் நாள் ஒரு வலிப்பு. பினோபார்பிட்டால் ஒரு முறை கொடுத்தபின் திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பியபோது

பதினான்காம் நாள் பால் குடித்தான். வளைவு குறைந்திருந்தது. கழுத்து மட்டும் வயதுக்குத் துவண்டிருந்தது. பிலிருபின் 7. பன்னிரண்டாம் நாள் செய்த ஓ.ஏ.இ. காது சோதனையில் இரண்டு காதும் தேர்ச்சி. ‘தேறிவிட்டான், கேட்கிறது’ என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது.

அடுத்த ஒன்பது மாதங்களை இந்த ஒரு வரிதான் கொண்டுபோனது. ஓ.ஏ.இ. சோதனை உட்காதின் வெளிப்புற முடிச்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். பிலிருபின் அந்தச் செல்களை விட்டுவிடுகிறது. அது தாக்குவது செவிநரம்பையும், மூளைத்தண்டில் அந்த நரம்பு சென்று சேரும் முடிச்சுகளையும். ஆகவே இந்தக் குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. தேர்ச்சி என்பது எதையும் உறுதிசெய்யாது. மூளைத்தண்டின் பதிலை அளக்கும் பெரா பரிசோதனைதான் வேண்டும். அது செய்யப்படவில்லை.

மூளைக்கு என்ன ஆனது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1904-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஷ்மோர்ல் இதற்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயரிட்டார். கெர்ன் என்பது கரு; மூளைக்குள் இருக்கும் நரம்பணுக் கருக்கள் மஞ்சள் பூத்திருந்ததைக் கண்டு வைத்த பெயர். அசைவை ஒழுங்குபடுத்தும் குளோபஸ் பாலிடஸ், தாலமஸுக்குக் கீழ்க்கரு, செவிக்கருக்கள், கண்ணசைவுக் கருக்கள், சிறுமூளையின் சில பகுதிகள் அடிபடும். சிந்தனைக்கும் மொழிக்கும் இடமான புறணி பெரும்பாலும் தப்பிவிடும். இதனால் வரும் நிலை விசித்திரமானது, கொடியதும்கூட. புரிந்துகொள்ளும் திறன் இருக்கும். கேட்க, நோக்க, கை நீட்ட, பேச வேண்டிய வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் புரியாத குழந்தையாகத் தெரியும்.

மூன்றாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை

மூன்றாம் மாதம்: ஓயாத அழுகை, துண்டு துண்டான தூக்கம், பால் குடித்ததும் வளைந்து கக்குதல். எதுக்களிப்புக்கு மருந்து கொடுத்தார்கள், ஓரளவு குறைந்தது. மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டு இயல்பு என்று வந்தது. ஸ்கேனின் நேரம் இங்கே தவறிவிட்டது. முதல் சில வாரங்களில் எம்.ஆர்.ஐ.யின் டி1 வகைப் படத்தில் குளோபஸ் பாலிடஸ் வெளுத்துத் தெரியும், அது மங்கும். பல மாதங்கள் கழித்து டி2 வகைப் படத்தில் வெளுக்கும். இடைப்பட்ட காலத்தில் படம் சுத்தமாக இருக்கலாம். அந்த வயதில் படத்தைவிட நம்பகமான ஒன்று செலவில்லாமல் கிடைக்கிறது: மல்லாந்து படுத்து விழித்திருக்கும் குழந்தையை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, மூன்று மாதக் குழந்தைகளிடம் ஓயாமல் இருக்கும் சிறு நெளிவசைவுகள் உண்டா என்று பார்ப்பது. பெற்றோரின் கைப்பேசியில் அந்தக் கால வீடியோ பின்னால் கிடைத்தது. நெளிவசைவு இல்லை.

ஆறாம் மாதம்: தலை நிற்கவில்லை. முகம் திரும்பிய பக்கக் கை நீண்டு மறு கை மடங்கும் அனிச்சை இன்னும் மறையவில்லை. கை விரல்கள் மூடியபடி. தாய் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: “கதவு அடிச்சா திடுக்குனு முழிக்கிறான் டாக்டர். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்.” ஓ.ஏ.இ. தேர்ச்சியைக் காட்டி, வளர்ச்சி தாமதத்தால் கவனம் இல்லை என்று பதில் சொல்லப்பட்டது. செவிநரம்புப் பாதிப்பை இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒலி இருப்பது தெரிகிறது. அதன் வடிவம் சேரவில்லை.

ஒன்பதாம் மாதம் வளர்ச்சித் தொடர் கவனிப்புப் பிரிவுக்கு வந்தபோது முதல் நாளே நான்கு குறிப்புகள் எழுதப்பட்டன. உணர்ச்சி கூடும்போது ஏறி, தூங்கும்போது முற்றிலும் தளரும் தசை இறுக்கம், அதாவது டிஸ்டோனியா. பொம்மையை மேலே தூக்கினால் விழி மேலே போகவில்லை, ஆனால் தலையை மெல்லக் கீழே சாய்த்தால் விழி தானாக மேலே உருண்டது. கண் தசை நலம், மேல்நோக்குக் கட்டளைதான் வரவில்லை. முளைக்கும் முன்பற்களில் எனாமல் மெலிந்து பள்ளமாக இருந்தது. காது, மறுசோதனைக்கு. இவற்றில் மூன்று ஒன்றாக இருந்தாலே, பிறந்த வாரத்தில் பிலிருபின் எவ்வளவு என்று தேட வேண்டும்.

காது: சோதனையும் அதன் பிறகும்

பெரா இயற்கைத் தூக்கத்தில் செய்யப்பட்டது. 90 டெசிபெல்லிலும் அலைகள் இல்லை. சத்தத் துடிப்பை ஒரு முறை ஒரு திசையிலும் மறு முறை எதிர்த்திசையிலும் தனித்தனியாகக் கொடுத்துப் பதிவுசெய்தார்கள். தொடக்கத்தில் வந்த சிற்றலைகள் திசை மாறியதும் தலைகீழாயின. ஒலிக் குழாயைக் கிள்ளி அடைத்தபோது அவை மறைந்தன. கருவியின் இரைச்சல் இல்லை என்பது உறுதி. இந்தச் சிற்றலை முடிச்செல்களின் மின் பதில். பல இடங்களில் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அப்போது எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழித்து, வெறும் நேர்கோடு வரும். ஓ.ஏ.இ. தேர்ச்சியும் பெரா நேர்கோடும் சேர்ந்து வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த முரண்பாடுதான் செவிநரம்புப் பாதிப்பு என்ற இந்த நோயின் அடையாளம்.

இந்த நிலையில் பெராவை வைத்து எவ்வளவு கேட்கிறது என்று சொல்ல முடியாது. நடத்தைச் சோதனையில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். இவனால் நினைத்தபோது திருப்ப முடியாது. அதனால் தலைத் திருப்பத்தை விட்டுவிட்டு, சூப்பும் வேகம் நிற்பது, கண் அகல்வது, மூச்சு மாறுவது ஆகியவற்றை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தார்கள். நடுத்தர அளவு இழப்பு என்று கணிக்கப்பட்டது.

பத்தாம் மாதம் காதொலிக் கருவி பொருத்தப்பட்டது. உடனே உட்காதுக்குள் வைத்துச் செவிநரம்பை மின்துடிப்பால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்குப் போகாததற்குக் காரணம் இருந்தது. பிலிருபின் பாதிப்பில் சில குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் பெரா அலைகள் ஓரளவு திரும்பலாம். 18-ஆம் மாதம் மீண்டும் பார்த்தபோது மாற்றமில்லை, சொல் புரிதலும் கூடவில்லை. 20-ஆம் மாதம் மயக்க மருந்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. இம்ப்ளான்ட்டின் காந்தம் உள்ளே போனபின் மூளைப் படம் எடுப்பது சிக்கலாகும். செவிநரம்பு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். நரம்பு இருந்தது. மூன்றாம் மாதம் சுத்தமாக இருந்த படத்தில் இப்போது இரண்டு பக்கக் குளோபஸ் பாலிடஸும் டி2-வில் சமச்சீராக வெளுத்திருந்தன.

22-ஆம் மாதம் வலது காதில் அறுவை, நான்கு வாரம் கழித்துக் கருவி இயக்கம். ஆறு மாதத்தில் பெயருக்கு அசைவை நிறுத்தித் திரும்ப முயன்றான். மூன்றரை வயதில் இடது காதிலும் பொருத்தப்பட்டது. மின்துடிப்பு நரம்பிழைகளை ஒரே நேரத்தில் தூண்டுவதால், சிதறி வந்த சமிக்ஞை ஒழுங்குபடுகிறது. இரைச்சலான அறையில் பலன் குறைகிறது. பேசுபவரின் மைக்கிலிருந்து நேரே கருவிக்கு ஒலி போகும் ஏற்பாடு வகுப்பறையில் பெரிதும் உதவுகிறது.

தசை, பல், வலி

14-ஆம் மாதம் டிஸ்டோனியாவைத் தணிக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரம் ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டது. எட்டாம் வாரத்தில் விரல்கள் திறந்தன. விலையாக மலச்சிக்கல் வந்தது. மலச்சிக்கலே டிஸ்டோனியாவைத் தூண்டும் என்பதால் மலமிளக்கி முதல் நாளிலிருந்தே கூடவே போக வேண்டும். இங்கே ஐந்து வாரம் தாமதமானது. வலிக்கும் இறுக்கங்களுக்குப் பின்னால் தசையைத் தளர்த்தும் பாக்லோஃபென் சேர்க்கப்பட்டது. அதைத் திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் வலிப்பும் வரும் என்பதால் வீட்டில் எப்போதும் ஒரு வாரக் கையிருப்பு வைக்கச் சொல்லப்பட்டது.

மூன்று வயது இரண்டு மாதத்தில் மோசமான நிகழ்வு. இரண்டு நாட்கள் இடைவிடாத இறுக்கம், தூக்கமே இல்லை, 39 டிகிரி காய்ச்சல், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவு 2,800. தீவிர சிகிச்சைப் பிரிவில் நீர் ஏற்றி, குளோனிடின் கொடுத்துத் தணித்தார்கள். முதல் நாள் முழுவதும் டிஸ்டோனியா மருந்தளவைக் கூட்டுவதிலேயே கவனம் போனது. இரண்டாம் நாள் காலை வாயைத் திறந்து பார்த்த செவிலியர்தான் கண்டார்: கடைவாய்ப் பல்லடியில் சீழ். எனாமல் மெலிந்த பல் சொத்தையாகி, வேர் வரை போயிருந்தது. பல்லை எடுத்து 36 மணியில் இறுக்கம் பழைய நிலைக்கு வந்தது.

இவனுக்குப் பல் வலித்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. சொல்லவோ, கன்னத்தைக் காட்டவோ அவனால் முடியாது. வலியால் இறுக்கம் கூடியது, இறுக்கத்தை நோயின் ஏற்றம் என்று படித்தோம். இப்போது திடீரென இறுக்கம் கூடிய எந்தக் குழந்தைக்கும் மருந்தை மாற்றும் முன் காது, பல், தொண்டை, வயிறு, மலம், சிறுநீர், இடுப்பு மூட்டு, நகக்கண் என்று உடல் முழுக்கத் தேடுகிறோம். பற்களுக்கு ஃப்ளோரைடு பூச்சு ஆண்டுக்கு நான்கு முறை.

உணவும் பெரிய பாடாக இருந்தது. ஒரு வேளைக்கு 50 நிமிடம் ஆகியும் எடை ஏறவில்லை. நெஞ்சுச் சளி அடிக்கடி வந்தது. விழுங்கும் எக்ஸ்ரேயில் நீர்ப்பொருள் மூச்சுக்குழாய்க்குள் போவது தெரிந்தபின், மூன்றரை வயதில் வயிற்றில் நேரடி உணவுக் குழாய் வைக்கப்பட்டது. சுவைக்காகக் கெட்டியான கூழ் வாய்வழியே தொடர்கிறது.

கண்ணும் படப்பலகையும்

இரண்டரை வயதில் செய்த அறிவுத்திறன் சோதனை ‘கடும் குறைபாடு’ என்று சொன்னது. சோதனைப் பலகையில் படங்கள் மூன்று வரிசையாக இருந்தன. சரியான விடைகளில் பெரும்பாலானவை மேல் வரிசையில் வந்தபோது அவன் பார்க்கவில்லை. பார்வையால் தேர்ந்தெடுக்கும் கணினியிலும் இதே கதை. மேல் வரிசையை அவன் தொட்டதே இல்லை, கவனம் இல்லை என்று குறிக்கப்பட்டது. மேல்நோக்குத் தடை ஒன்பதாம் மாதமே குறிப்பேட்டில் இருக்கிறது. சோதித்தவர் கைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

மூன்று வயது ஒன்பது மாதத்தில் பலகை மாற்றப்பட்டது. நான்கு படம், ஒரே வரிசை, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. படங்களுக்கு இடையே ஒரு கை அகல இடைவெளி. தலைக்குப் பக்கத் தாங்கி, பாதம் பலகையில் அழுந்த, இடுப்புப் பட்டை. உடல் நிலையாக இருந்தால்தான் கண் நிலைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 20 நொடி காத்திருப்பு. அவசரப்படுத்தினால் முயற்சியே இறுக்கத்தைக் கூட்டி, கண்ணை இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 20 கேள்விகளில் 17 சரி. அதே கேள்விகளை மூன்று நாள் கழித்துப் படங்களின் இடத்தை மாற்றி இன்னொருவர் கேட்டார்: 18.

முதலில் சேர்த்த பக்கம் வலிப் பக்கம். தலை, வாய், வயிறு, கால் என்று நான்கு படம்.

ஐந்து வயதில்

தாங்கி இல்லாமல் உட்கார முடியாது. சக்கர நாற்காலியைத் தலைப்பக்க விசையால் சில மீட்டர் ஓட்டுகிறான். பேச்சு மூன்று நான்கு ஒலிகள், வீட்டார் புரிந்துகொள்கிறார்கள். கேட்டுப் புரியும் சொற்கள் வயதுக்கு ஓராண்டு பின்தங்கியிருக்கின்றன. காது திறந்தது இரண்டு வயதில் என்பதை வைத்துப் பார்த்தால் எங்கள் கணிப்பில் அது பின்தங்கலே இல்லை. எழுத்துகளைக் கண்ணால் தேர்ந்தெடுத்து இரண்டெழுத்துச் சொல் கூட்டுகிறான். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே ஆண்டுதோறும். வலது பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறது. தூக்கம் இன்னும் மோசம். இரவில் இருமுறை பெற்றோர் எழுந்து உடலைத் திருப்பிவிடுகிறார்கள்.

ஆழ்மூளைத் தூண்டல் அறுவை பற்றிப் பெற்றோர் கேட்டார்கள். வழக்கமாகக் கம்பி வைக்கும் இடமே குளோபஸ் பாலிடஸ். இவனுக்குப் பழுதான இடமும் அதுதான். பலன் உறுதியில்லை, தொற்று அபாயம் உண்டு என்று விளக்கியபின் இப்போதைக்கு வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

மாற்றியவை

பிரசவப் பிரிவில்: மஞ்சள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் 24 முதல் 48 மணிக்குள், அல்லது வீட்டுக்குப் போகும் முன், பிலிருபின் அளவு. முதல் நாளில் மஞ்சள் என்று யார் எழுதினாலும் மருத்துவரைக் கேட்காமலே செவிலியர் இரத்தம் எடுக்கலாம். தோலில் வைத்து அளக்கும் கருவியின் அளவு ஒளி சிகிச்சை எல்லைக்கு 3-க்குள் வந்தாலோ, 15-ஐத் தொட்டாலோ இரத்தச் சோதனை. ஓ வகைத் தாய்மாரின் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே வகையும் கூம்ப்ஸும். அடுத்த வருகை நாள், எல்லைக்கும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது; ஏழாம் நாள் என்ற பொதுச் சீட்டு எடுக்கப்பட்டுவிட்டது. பெற்றோருக்குத் தரும் தாளில் முதல் வரி: எழுப்பியும் பால் குடிக்காத குழந்தையை அன்றே கொண்டுவர வேண்டும், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

அவசரப் பிரிவில்: பரிமாற்றப் பெட்டியில் தாய்க்கும் குழந்தைக்கும் முன்பே அச்சிட்ட இரண்டு பெயர்ச்சீட்டுகளும், இருவர் கையெழுத்திடும் கட்டமும்.

தொடர் கவனிப்பில்: பரிமாற்ற எல்லையைத் தொட்ட எந்தக் குழந்தைக்கும் வீட்டுக்கு அனுப்பும் முன் பெரா, மூன்றாம் மாதம் மீண்டும் பெரா. ஓ.ஏ.இ. மட்டும் செய்த குழந்தைக்குக் ‘காது சோதிக்கப்படவில்லை’ என்றே எழுதப்படும். எம்.ஆர்.ஐ. தேவையென்றால் முதல் இரண்டு வாரங்களுக்குள், அல்லது ஒரு வயதுக்குப் பிறகு. மூன்றாம் மாத அசைவு வீடியோ கட்டாயம். கோப்பின் முகப்பில் பிலிருபின் உச்ச அளவு, பெரா, மேல்நோக்கு, பல் என்ற நான்கும் பெரிய எழுத்தில். யார் சோதித்தாலும் அந்த அட்டையைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

இரவு நேரத்தில் ஏபி பிளாஸ்மா கலந்த இரத்தம் கைக்கு வர இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இது மட்டும் தீரவில்லை. இரத்த வங்கியுடன் இரவு ஒத்திகை மூன்று முறை நடத்தியாயிற்று. கலக்கும் கட்டத்தில்தான் நேரம் போகிறது.